சுகர் இருக்கிறவர்கள் பல்லைப் பற்றிக் கேட்கும் கேள்விகள்

வடசென்னையில் சின்னதாக ஒரு பல் கிளினிக் நடத்துகிறேன். நாற்பதைத் தாண்டிய யார் வந்து உட்கார்ந்தாலும், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே "சுகர் இருக்கா? கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டுவிடுவேன். "பல்வலிக்கு வந்தா சுகரைக் கேக்குறீங்களே" என்று பலருக்கும் ஆச்சரியம். சர்க்கரை நோயாளிகளுக்கு வருடத்துக்கு ஒரு முறை கண்ணைப் பார்க்கிறார்கள், சிறுநீரகத்தைப் பார்க்கிறார்கள், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார்கள். வாயைத் திறக்கச் சொல்பவர் குறைவு. அதனால் என் நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் அவர்களைக் கூட்டி வந்த பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுகருக்கும் பல்லுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்? இனிப்பு சாப்பிட்டால் பல் சொத்தையாகும், அதுதானே?

அது ஒரு சின்னப் பகுதி. பெரிய பிரச்சினை ஈறில் இருக்கிறது.

பல்லையும் தாடை எலும்பையும் பிடித்துக்கொண்டிருப்பது ஈறும் அதற்கு அடியில் இருக்கும் மெல்லிய நார்களும். பல்லின் ஓரத்தில் தினமும் கிருமிகள் ஒரு படலமாகப் படியும். தேய்த்து எடுக்காவிட்டால் அது இறுகிக் காரையாகிவிடும். காரை சேர்ந்த இடத்தில் ஈறு சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் கசியும். அதற்குப் பிறகும் கவனிக்காமல் விட்டால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை போல ஆகிவிடும். அந்தப் பைக்குள் கிருமி இறங்கும், அடியில் எலும்பு கரையும். எலும்பு கரைந்தால் பல் ஆடத்தான் செய்யும்.

இது யாருக்கும் வரலாம். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை நீண்ட நாள் கூடுதலாக இருப்பவர்களுக்கு வேகமாக வருகிறது, கடுமையாக வருகிறது. கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்கள் சர்க்கரை கூடும்போது மந்தமாகிவிடுகின்றன. ஈறுக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுகின்றன. உடைந்த திசுவைத் திரும்பக் கட்டும் வேலை தாமதமாகிறது. காலில் ஒரு சின்னப் புண் ஏன் ஆறாமல் கிடக்கிறதோ, அதே காரணம்தான். விழித்திரை, சிறுநீரகம், நரம்பு என்று சர்க்கரை நோயின் பாதிப்புகளை அடுக்கும் வரிசையில் ஈறு நோயை ஆறாவதாகச் சேர்க்க வேண்டும் என்று 1993-லேயே எழுதினார்கள்.

இது ஒரு வழிப் பாதையும் இல்லை. ஈறில் நாள்பட்ட அழற்சி இருந்தால், அங்கே சுரக்கும் வேதிப்பொருள்கள் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும். அவை இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். எல்லாப் பற்களைச் சுற்றியும் உள்ள ஈறுப் புண்ணைக் கூட்டிப் பார்த்தால் ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு வரலாம். அந்த அகலத்துக்குக் கையில் ஒரு புண் சீழ் கோத்து இருந்தால் ஒரு நாள் பொறுப்போமா? வாய்க்குள் இருப்பதால் வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறோம்.

எனக்கு சுகர் இல்லை. நான் ஏன் இதைப் படிக்கணும்?

இல்லை என்று பரிசோதித்துத் தெரிந்துகொண்டீர்களா, அல்லது பரிசோதிக்காததால் இல்லையா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் இருப்பவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர். இந்த ஆய்வை முன்னின்று நடத்தியது நம் சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம்தான்.

அதே நிறுவனம் ஊசி குத்தாமலே ஆபத்தைக் கணிக்க நான்கு கேள்விகள் வைத்திருக்கிறது. வீட்டில் ஒரு அளவு நாடாவை எடுத்து இப்போதே போட்டுப் பாருங்கள். வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் என்றால் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ.க்குள், ஆண்களுக்கு 90-க்குள் என்றால் 0. அதற்கு மேல் பத்து செ.மீ. வரை 10, அதையும் தாண்டினால் 20. உடற்பயிற்சியும் செய்து உடல் உழைப்பான வேலையும் பார்த்தால் 0, இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டுங்கள். 60-ஐத் தொட்டால் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்க்கும் 38 வயதுக்காரர், அம்மாவுக்கு சுகர், கொஞ்சம் தொப்பை. 20, 30, 10, 10. எழுபது வந்துவிட்டது பாருங்கள்.

பரிசோதனையில் வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், மூன்று மாத சராசரி என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் வந்தால் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் 100 முதல் 125, சராசரி 5.7 முதல் 6.4 என்றால் வாசலில் நிற்கிறீர்கள். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மருத்துவர் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்.

பல் டாக்டர் சுகர் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். பில்லை ஏற்றுவதற்கா?

இல்லை, வாயில் எதையோ பார்த்திருப்பார். நாற்பது வயதுகூட ஆகாதவருக்குப் பல பற்கள் ஆடுவது, ஈறில் ஒரு கட்டி ஆறுவதற்குள் இன்னொரு கட்டி கிளம்புவது, நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் வெள்ளையாகப் படலம், வாயில் எரிச்சல், பல் எடுத்த இடம் வாரக்கணக்கில் ஆறாமல் கிடப்பது. இதெல்லாம் எங்களுக்கு மணி அடிக்கும்.

ஆட்டோ ஓட்டும் ஒருவர் வந்தார். நாற்பதுக்குள் வயது. மூன்று மாதத்தில் மூன்றாவது ஈறுக் கட்டி. இரண்டு முறை மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு அமுக்கியிருக்கிறார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தேன், 380. "ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறேன், வெயில்ல ஓட்டுறதால தண்ணி நிறைய குடிக்கிறேன், அதனாலன்னு நெனச்சேன்" என்றார். சென்னை வெயிலில் அப்படி நினைப்பது இயல்புதான். அந்தக் கட்டி வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் அப்படியே ஓட்டியிருப்பார் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

பிரஷ் பண்ணும்போது ரத்தம் வருது. வலி இல்லை. பரவாயில்லையா?

வலி இல்லாததுதான் இதில் மோசமான விஷயம். ஈறு நோய் பெரும்பாலும் கடைசி வரை வலிக்காது. பல் ஆடி, மெல்ல முடியாமல் போகும்போதுதான் பலர் வருகிறார்கள். ரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவார்கள், அழுக்கு சேரும், இன்னும் அதிகமாக ரத்தம் வரும். பிரஷை மாற்றினால் இது தீராது, காட்டித்தான் ஆக வேண்டும்.

புகை பிடிப்பவர்கள், மாவா, குட்கா போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சிகரெட்டும் புகையிலையும் ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் வராமல் இருக்கலாம். ரத்தம் வரவில்லை, அதனால் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். சுகரும் புகையிலையும் ஒரே வாயில் சேர்ந்தால் பற்கள் போகும் வேகத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், பிபிக்கு அம்லோடிபின் போன்ற மாத்திரை சாப்பிடும் சிலருக்கு ஈறு தடித்து வளரும். பிபி, சுகர் இரண்டுக்கும் மாத்திரை எடுக்கும் வீடுகள் நம் ஊரில் அதிகம் என்பதால் சொல்கிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்தவரிடம் போய்ச் சொன்னால் வேறு மாத்திரை மாற்ற வழி இருக்கும்.

ஸ்கேலிங் பண்ணினால் பல் ஆடும், இடைவெளி விழும் என்கிறார்களே?

இந்தக் கேள்வியைக் கேட்காத வாரமே இல்லை. இந்தப் பயத்தால் பல் இழந்தவர்கள் ஏராளம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பற்களைச் சுற்றிக் காரை சிமெண்ட் போலப் பிடித்திருக்கும். அதனால் ஆட்டம் தெரியாது. பற்களுக்கு இடையில் இருந்த ஓட்டையையும் காரைதான் அடைத்திருக்கும். ஸ்கேலிங்கில் நாங்கள் அந்தக் காரையை எடுத்ததும், முன்பே இருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன. வீங்கிய ஈறு சுருங்கி இயல்புக்குத் திரும்புவதால் பல் நீளமானதுபோலவும் தோன்றும். சில நாள் கூச்சம் இருக்கும். நோய் முற்றாத பற்கள் சில வாரங்களில் இறுகிவிடும்.

சுகர் உள்ளவர்களுக்கு மேலோட்டமான ஸ்கேலிங் மட்டும் பல நேரம் போதாது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுப் பைக்குள் வேர் வரை சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். இரண்டு, மூன்று நாள் வர வேண்டும். இந்தச் சிகிச்சையை முறையாகச் செய்துகொண்டவர்களுக்கு மூன்று, நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவு குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். 8.2 இருந்தவருக்கு 7.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி குறையாது. ஆனாலும் ஈறைச் சுத்தம் செய்து இவ்வளவு கிடைக்கிறது என்றால் அதை விடலாமா?

அப்படியென்றால் சுகர் மாத்திரையைக் குறைத்துவிடலாமா?

கூடாது. மாத்திரையையும் இன்சுலினையும் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் சுகர் டாக்டரின் வேலை. ஈறு சிகிச்சை முடிந்ததை அவரிடம் சொல்லுங்கள், மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையைப் பார்த்து அவர் முடிவெடுப்பார்.

சுகர் இருந்தால் பல் பிடுங்கவே கூடாது என்கிறார்களே?

கட்டுப்பாட்டில் இருந்தால் தாராளமாகப் பிடுங்கலாம், ரூட் கனால் செய்யலாம், இம்பிளான்ட்டும் வைக்கலாம். ரொம்பக் கூடுதலாக இருந்து அவசரமும் இல்லையென்றால், முதலில் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வரச் சொல்வோம். ஆனால் சீழ் பிடித்த பல்லை வைத்துக்கொண்டு "சுகர் இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது தவறு. சீழ் உள்ளே இருக்கும்வரை சுகர் இறங்க மறுக்கும். அப்போது இரண்டு மருத்துவர்களும் பேசி இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வரும் நாளில் காலை நேரமாக வாங்கிக்கொள்ளுங்கள். டிபன் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு வாருங்கள். பல் எடுப்பதென்றால் வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று ஒருவர் நினைத்துக்கொண்டார். மாத்திரையை மட்டும் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வந்து உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் சட்டை நனைய வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. சர்க்கரை 70-க்குக் கீழே போயிருந்தது. உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம், கால் மணி நேரத்தில் தெளிந்தார். அன்று பல்லை எடுக்கவில்லை. சாப்பிடச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து நேரம் கொடுக்கும்போதே "இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டு வாங்க" என்று சொல்லிவிடுகிறோம். முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் பெரிய அறுவை சிகிச்சைக்கு விதி வேறு, அதை அந்த மருத்துவமனையே சொல்லும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்று ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். "வெள்ளையா ஒண்ணு, ரோஸ்ல ஒண்ணு" என்று சொன்னால் எங்களுக்குப் புரியாது.

எப்போது உடனே ஓடி வர வேண்டும்?

தாடையோ கழுத்தோ வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நேராகப் பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். சுகர் உள்ளவர்களுக்கு இந்தத் தொற்று சில மணி நேரத்தில் கழுத்துக்குள் இறங்கிவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாடி ஏறும்போது, வேகமாக நடக்கும்போது கீழ்த்தாடை வலித்து, நின்றால் குறைகிறது என்றால் அது பல்வலியாக இல்லாமல் இருக்கலாம். இதய வலி தாடையில் தெரியும். சுகர் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வருவதுண்டு. அப்போது 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மாவுக்கு எப்போதும் வாய் காய்ந்தே இருக்கிறது. என்ன செய்வது?

சர்க்கரை கூடினால் எச்சில் குறையும். சில மாத்திரைகளாலும் குறையும். எச்சில்தான் பல்லைக் கழுவும் தண்ணீர், அது வற்றினால் சொத்தையும் பூஞ்சையும் சுலபமாக வரும். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்து அடிக்கடி ஒரு மடக்கு குடிக்கச் சொல்லுங்கள். உப்பு குறைவான நீர்மோர் நல்லது. வாய் காய்கிறதென்று புதினா மிட்டாயை அடக்கிக்கொள்ளும் பழக்கம் பல அம்மாக்களுக்கு உண்டு. பல்லுக்கும் கேடு, சுகருக்கும் கேடு. சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றால் எச்சில் ஊறும். நாக்கில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அழைத்து வாருங்கள், பூஞ்சைக்கு மருந்து இருக்கிறது.

ஆலங்குச்சி, வேப்பங்குச்சி, உமிக்கரி, கல் உப்பு? அந்தக் காலத்தில் அதில்தானே தேய்த்தார்கள்?

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சொன்னவர்களைக் குறைத்துப் பேச மாட்டேன். குச்சியை மென்று நார் நாராக்கித் தேய்த்தால் பல்லின் வெளிப்பக்கம் சுத்தமாகும். ஆனால் சுகர் உள்ளவருக்கு நோய் தொடங்குவது இரண்டு பற்களுக்கு நடுவிலும் உள்பக்க ஈறு ஓரத்திலும். அங்கே குச்சி போகாது. உமிக்கரியும் கல் உப்பும் செங்கல் பொடியும் எனாமலைத் தேய்த்துவிடும், அவற்றை விட்டுவிடுங்கள்.

மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு பேஸ்ட், காலையும் இரவும் இரண்டு இரண்டு நிமிடம். பிரஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்துப் பிடித்து மெதுவாக. பல் இடுக்குக்கென்று சின்ன பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கும், தினம் ஒரு முறை அதைப் போடுங்கள். இரண்டில் ஒரு வேளைதான் முடியும் என்பவர்கள் இரவு வேளையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டேன். நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் பரவாயில்லைதானே?

ரத்தத்துக்கும் சர்க்கரைதான், பல் கிருமிக்கும் சர்க்கரைதான். பெயர் மாறினால் வித்தியாசம் பெரிதாக வராது.

எவ்வளவு என்பதோடு எத்தனை முறை என்பதும் முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்பு பட்டதும் அரை மணி நேரம் போல வாயில் அமிலம் இருக்கும். கடையில் நின்று நாளைக்கு ஆறு டீ சர்க்கரையோடு குடிப்பவரின் பல் நாளில் மூன்று மணி நேரம் அமிலத்தில் நனைகிறது. சர்க்கரை இல்லாமல் கேளுங்கள், எண்ணிக்கையையும் குறையுங்கள். ராத்திரியில் சர்க்கரை ரொம்ப இறங்கி குளுக்கோஸ் எடுக்க நேர்ந்தால் தயங்காமல் எடுங்கள், உயிர் முக்கியம். தெளிந்த பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டுப் படுங்கள்.

பல்லெல்லாம் போய்விட்டது. இனி என்ன கவலை?

பல் போனால் சாப்பாடு மாறிவிடும். சுண்டல், கேரட், கொய்யா, கீரைத்தண்டு எல்லாம் தட்டை விட்டுப் போய்விடும். கஞ்சி, குழைந்த சோறு, டீயில் நனைத்த பன் வந்து சேரும். சுகர் ஏன் ஏறுகிறது என்று வீட்டில் குழம்புவார்கள். சரியாகப் பொருந்தும் பல்செட்டு இருந்தால் காய்கறியும் பயறும் திரும்பி வரும். இரவில் அதைக் கழற்றித் தேய்த்துத் தண்ணீரில் போடுங்கள். அழுத்திப் புண்ணாக்கும் செட்டைச் சகித்துக்கொள்ளாதீர்கள்.

கர்ப்ப காலத்தில் சுகர் வந்திருக்கிறது. பல்லைக் காட்டலாமா?

காட்டலாம், காட்ட வேண்டும். நான்கு முதல் ஆறு மாதம் வசதியான காலம். வலி, வீக்கம் என்றால் எந்த மாதமானாலும் வாருங்கள்.

கையில் காசில்லை. சென்னையில் எங்கே போவது?

கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஈறு நோய்க்கென்று அங்கே தனிப் பிரிவே உண்டு. காலையிலேயே போய்விடுங்கள். சர்க்கரைக்கு உங்கள் பகுதி மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிபி மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். அவர்கள் வரும்போது ஈறில் ரத்தம் வருவதையும் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து ஸ்டான்லி மருத்துவமனையில்தான் 1948-லேயே டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்குத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கினார். இந்த நோயைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று நாட்டுக்கே முன்னால் புரிந்துகொண்ட ஊர் இது.

எங்கள் குடியிருப்பில் விழிப்புணர்வு முகாம் நடத்த ஆசை. எப்படிச் செய்வது?

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெடெரிக் பாண்டிங்கின் பிறந்தநாள் நவம்பர் 14. அதுதான் உலக நீரிழிவு நாள். தீபாவளிப் பலகாரம் தீர்ந்தும் தீராமலும் இருக்கும் நேரம், அதனால் பொருத்தமும்கூட. அன்றைக்கு மழை பெய்யவும் வாய்ப்புண்டு, மாடியில் ஒரு ஹாலைப் பிடித்து வையுங்கள்.

பேச்சு அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். விரல் நுனி ரத்தம் பார்க்கும் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு பல் மருத்துவரை டார்ச்சும் வாய்க் கண்ணாடியும் கொடுத்து உட்கார வையுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டும் பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம். எந்த நேரத்தில் பார்த்தாலும் சர்க்கரை 140-ஐத் தாண்டியவர், ஈறில் ரத்தம் அல்லது பல் ஆட்டம் உள்ளவர், இவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதி, சர்க்கரை அளவையும் ஈறின் நிலையையும் ஒரு துண்டுச் சீட்டில் அவர்கள் கையில் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களையும் வாசலில் நிற்கும் காவலாளி அண்ணனையும் முதலில் கூப்பிடுங்கள். குடியிருப்பவர்கள் எப்படியும் வருவார்கள், இந்த அக்காக்களையும் அண்ணனையும்தான் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டை எடுத்து ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். "டாக்டரைப் பார்த்தீங்களா?" என்ற ஒரு கேள்வி போதும். பாதிப் பேர் "இன்னும் இல்லைங்க" என்பார்கள். அவர்களோடு சேர்ந்து போக ஒரு ஆளைப் பிடித்துக் கொடுங்கள்.